அழக் கூடாது என்று கேட்டேன்

1981 ஆகஸ்ட் மாதம், ஒரு பகல் வேளை. பத்தாம் லயத்து வீட்டு வரிசையின் கடைசிக் காம்பரா அறையில், வெளியே பூட்டுப் போட்ட கதவுக்குப் பின்னால் உட்கார்ந்து, பிறக்கப் போகிற பிள்ளை அழக் கூடாது என்று நான் மாரியம்மனிடம் கெஞ்சினேன். பிள்ளை பெற வைப்பதுதான் என் பிழைப்பு. பிறந்தது வாய் திறந்து கத்தினால்தான் எனக்கே மூச்சு வரும். அப்படிப்பட்டவள் வாயில் அப்படியொரு வேண்டுதல் வந்ததென்றால் வெளியே என்ன நடந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். அம்மன் அதற்கு என்ன பதில் தந்தாள் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

இந்தப் பங்குனித் திருவிழா மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் மிஸி என்று கோயில் கமிட்டியார் கேட்டபோது, எனக்குக் கத்தரிக்கோல் பிடிக்கத் தெரியும், பேனா பிடிக்கத் தெரியாது என்று தட்டிக் கழித்தேன். அவர்கள் விடவில்லை. சரி, வருவது வரட்டும். எழுத்துப் பிழை இருந்தால் கமிட்டியார் பொறுப்பு.

என் பெயர் பாக்கியம். குருவிட்டக்கு மேலே இருக்கும் நம் தேயிலைத் தோட்டத்து மருந்துசாலையில் மருத்துவிச்சி. பிறந்ததும் இந்தத் தோட்டத்து லயத்தில்தான். மிஸி என்று எல்லாரும் கூப்பிட்டுக் கூப்பிட்டு, என் பெயர் எனக்கே மறந்துபோன காலமும் உண்டு.

அந்த வருஷம் ஜூலையில் எங்கள் மருந்துசாலைக்கு ஒரு பெண் பிள்ளை வந்தாள். பெயர் கல்யாணி. மதுரையில் டொக்டருக்குப் படிக்கிறவள். இங்கே படிக்கிற பிள்ளைகள் நாலு பேர் அங்கே போக, அங்கே படிக்கிற நாலு பேர் இங்கே வர, ஆறு கிழமை, அதாவது ஒன்றரை மாதம், தங்கிப் பார்த்துப் படிப்பது என்று ஒரு ஏற்பாடு. முதலில் டவுன் ஆஸ்பத்திரியில் கொஞ்ச நாள். பிறகு தோட்டத்துச் சனத்தின் சோகையையும் பூச்சி வியாதியையும் பிரசவத்தையும் நேரில் பார்க்கட்டும் என்று ஆளுக்கொரு தோட்டத்துக்கு அனுப்பினார்கள். டவுன் ஆஸ்பத்திரிப் பெரிய டொக்டர் ஜீப்பில் கொண்டுவந்து இறக்கிவிட்டு, "மிஸி, இந்தப் பிள்ளை உங்க பொறுப்பு. பத்திரமா திருப்பித் தரணும்" என்றார். அவர் சிங்களவர். தமிழ் நன்றாகப் பேசுவார்.

கல்யாணி வாயாடி. வந்த அன்றைக்கே அட்டை கடித்து லயமே கூடும்படி கத்தினாள். எங்கள் ரொட்டியைத் தின்று பார்த்துவிட்டு, "மிஸி, இதைச் சாப்பிடத்தான் அட்டைக்கு ரத்தம் குடுத்தேனா?" என்று கேட்டாள். எனக்கும் வாய் சும்மா இருக்காது. இரண்டு பேருக்கும் நன்றாகப் பொருந்திப் போனது. என் வீட்டில்தான் தங்கினாள்.

அவளுக்கு ஒரே ஆசைதான். ஒரு பிரசவமாவது தன் கையால் பார்க்க வேண்டும். அங்கே பெரிய காலேஜில் ஒரு கட்டிலைச் சுற்றிப் பிள்ளைகள் எறும்பு மாதிரி மொய்ப்பார்களாம். இவள் எட்டிப் பார்ப்பதற்குள் பிள்ளை பிறந்து, குளித்து, தூங்கியும் விடுமாம். தினமும் காலையில் எழுந்ததும், "இன்னைக்கு யாருக்காவது வலி வருமா மிஸி?" என்று கேட்பாள்.

"புள்ளைன்னா என்ன தோசையா, கேட்ட நேரத்துக்கு ஊத்தி எடுக்க?" என்பேன் நான்.

ஆகஸ்ட் பிறந்ததும் ஊர் கெட்டது. ஏன் கெட்டது, யார் கெடுத்தது என்பதெல்லாம் படித்தவர்கள் எழுதட்டும். எனக்குத் தெரிந்தது இதுதான். கடைத்தெருவில் நம் தமிழ் ஆட்களின் கடைகளைச் சிங்களக் கூட்டம் எரித்தது. பக்கத்துத் தோட்டத்திலிருந்து சனங்கள் பிள்ளை குட்டிகளோடு இரவோடு இரவாக நடந்து வந்தார்கள். ஒரு அம்மாள் வெந்த கையை வாழை இலையில் சுற்றிக்கொண்டு வந்தாள். கல்யாணி அந்தக் கையைக் கட்டிவிட்டு வெளியே போய் வாந்தி எடுத்தாள். அதற்குப் பிறகு அவள் ரொட்டியைக் கிண்டல் செய்யவும் இல்லை, பிரசவம் கேட்கவும் இல்லை. மருந்துசாலை டொக்டர் ஐயா சொந்தக் கல்யாணத்துக்கு யாழ்ப்பாணம் போயிருந்தார். தோட்டத்தை நடத்தும் தொரை ஜீப்பில் ஏறி, பொலிசைக் கூட்டி வருகிறேன் என்று போனார். அவரும் வரவில்லை, பொலிசும் வரவில்லை.

அன்று காலை தெய்வானைக்கு வலி கண்டது. தலைப்பிள்ளை. அவள் புருஷன் சுப்பையா தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டுகிறவன். அதிகம் பேச மாட்டான். பேசினால் மாட்டோடுதான் பேசுவான் என்று தெய்வானையே கிண்டல் செய்வாள். என்னைக் கூப்பிட ஓடி வந்தவன் வாசலில் நின்று, "மிஸி" என்று மட்டும் சொன்னான். முகத்தைப் பார்த்தே நான் பையை எடுத்தேன். கல்யாணியும் பின்னாலேயே வந்தாள்.

நாங்கள் போய்ச் சேர்ந்த கொஞ்ச நேரத்தில் மேல் மலையில் புகை கண்டது. கீழ் ரோட்டில் லொறிச் சத்தம். தகரத்தைத் தட்டும் சத்தம். கங்காணி பெரியசாமி லயம் லயமாக ஓடி, "எல்லாரும் காட்டுக்குள்ள போங்க! வாராங்கெ, போங்க!" என்று கத்தினார். லயமே காலியானது. காம்பராக்களைப் பூட்டிவிட்டு, அரிசியையும் பிள்ளையையும் தூக்கிக்கொண்டு தேயிலைக்குள் ஓடினார்கள். தெய்வானையைத் தூக்க முடியுமா என்று பார்த்தேன். பிள்ளையின் தலை வந்து நின்றுவிட்டது. இனி நகர்த்தினால் இரண்டு உயிரும் போகும்.

"நீ போ" என்றேன் கல்யாணியிடம். "ஓடு அவங்களோட."

"போக மாட்டேன்."

"உனக்கு ஒரு சொல்லு சிங்களம் வராது. வாயத் தொறந்தா வெட்டிப் போடுவாங்கெ. போடி!"

"அப்ப வாயத் தொறக்கல" என்று சொல்லிவிட்டுக் கையைக் கழுவ ஆரம்பித்தாள். எனக்கு வந்த கோபத்தில் அவளை இழுத்து, நெற்றிப் பொட்டைக் கட்டை விரலால் அழித்தேன். அழுத்தி அழித்ததில் தோல் சிவந்துவிட்டது. காதில் கிடந்த தோட்டைக் கழற்றச் சொன்னேன். கழற்றித் தந்தாள். ஆனால் போகவில்லை.

சுப்பையாதான் யோசனை சொன்னான். "வெளிய பூட்டிடுறேன் மிஸி. ஆளில்லாத வீடுன்னு நெனச்சிக்குவாங்கெ. நான் தேயிலைக்குள்ள இருந்து பாத்துக்குறேன்." நல்ல யோசனை என்றுதான் எனக்கும் பட்டது. எல்லாக் காம்பராவும் பூட்டிக் கிடக்கிறது, இதுவும் அதில் ஒன்றாக இருக்கட்டும். ஆள் இருக்கும் அடையாளமே தெரியக் கூடாது என்று அடுப்பில் தண்ணீரை ஊற்றினேன். கொடியில் கிடந்த துணியை உருவி உள்ளே போட்டேன். பிரசவம் நடக்கிற வீடென்று காட்டிக்கொடுக்கும் ரத்தத் துணிகளையெல்லாம் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். சுப்பையா ஒருமுறை தெய்வானையைப் பார்த்தான். பிறகு கதவைச் சாத்திப் பூட்டினான். 

அவர்கள் வந்தார்கள். பலகை இடுக்கு வழியாகப் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது. காடையர்கள் என்று பேப்பரில் எழுதுவார்கள், ஏதோ வேறு உலகத்துப் பிறவிகள் மாதிரி. சாரத்தை மடித்துக் கட்டிய சாதாரண ஆட்கள்தான். பலர் கீழே மாணிக்கக் கல் தோண்டும் குழியில் இறங்கி வேலை செய்கிறவர்கள். காலெல்லாம் குழிச் சேறு. கையில் கத்தி, குழி தோண்டும் இரும்பு அலவாங்கு, மண்ணெண்ணெய் டின்.

கங்காணி பெரியசாமி ஓடவில்லை. ஊரையெல்லாம் ஓடச் சொன்னவர், தன் வயதான மாட்டை அவிழ்த்துவிடத் திரும்பி வந்திருக்கிறார். அவரைத் தண்ணீர் ஓடும் கான் ஓரத்தில் பிடித்தார்கள். அவர் கும்பிட்டார். கும்பிட்ட கையிலேயே முதல் வெட்டு விழுந்தது. பிறகு நான் பார்க்கவில்லை. சத்தத்தை மட்டும் கேட்டேன். அந்தச் சத்தம் இன்றைக்கும் சில நாள் சோறு பிசையும்போது காதில் வரும். அப்போது தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிடுவேன்.

ஒன்பதாம் லயத்தை எரித்தார்கள். அதுவும் முழுக்கப் பூட்டிக் கிடந்த லயம்தான். பூட்டை உடைத்து உள்ளே யார் இருக்கிறார்கள் என்று அவர்கள் பார்க்கவில்லை. கதவிலும் கூரை மரத்திலும் எண்ணெயை ஊற்றிப் பற்ற வைத்துவிட்டு அடுத்த கதவுக்குப் போனார்கள். பூட்டின வீடு தப்பும் என்று நினைத்த எங்களுக்கு அந்த நேரத்தில்தான் உறைத்தது. பூட்டின வீடு எரிகிறது. நாங்கள் பூட்டுக்குள்ளே இருக்கிறோம்.

அப்போதாவது கத்தியிருக்க வேண்டாமா? கத்தத் தோன்றவில்லை. கங்காணியை வெட்டினதைப் பார்த்த கண். கத்தினால் வெட்டு, சும்மா இருந்தால் நெருப்பு. பயந்த புத்தி ஒளிந்துகொள்ளத்தான் சொல்லும். தெய்வானையின் வாயில் துணியை அடைத்தேன். என் முழங்கையைக் கடித்துக்கொண்டு அம்மனைக் கூப்பிட்டேன். "தாயே, இவ கத்தக் கூடாது. வர்ற புள்ள அழக் கூடாது. இந்தக் காம்பராவுல ஒரு சத்தம் வரக் கூடாது தாயே. உனக்கு நான் தீ மிதிக்கிறேன், அலகு குத்துறேன், என்ன வேணும்னாலும் செய்றேன். சத்தம் மட்டும் வேணாம்."

பிள்ளை பிறந்தது. கல்யாணியின் கையில்தான் பிறந்தது. ஆசைப்பட்ட பிரசவம் அவளுக்கு அப்படிக் கிடைத்தது.

பெண் பிள்ளை. அழவில்லை.

நான் கேட்டதை அம்மன் அப்படியே தந்துவிட்டாள். கழுத்தில் கொடி சுற்றி, நாவற்பழம் மாதிரி நீலமாய்ப் பிள்ளை கிடந்தது. ஒரு அசைவில்லை. தெய்வானை துணி அடைத்த வாயோடு என்னைப் பார்த்தாள். அந்தக் கண் என்ன கேட்டது என்று எனக்குத் தெரியும். அதே நேரம் கதவுக்கு அடியில் மண்ணெண்ணெய் வாடை வந்தது. வாடை மட்டுமில்லை. எண்ணெயே ஈரமாய்த் தரையில் ஊறி உள்ளே வந்தது.

கல்யாணி கொடியை அவிழ்த்தாள். பிள்ளையின் வாயிலும் மூக்கிலும் தன் வாயை வைத்து அடைப்பை உறிஞ்சித் துப்பினாள். உள்ளங்காலைச் சுண்டினாள். மூச்சு ஊதினாள். அவள் அழவில்லை, நடுங்கவும் இல்லை. நான்தான் கை ஓடாமல் கால் ஓடாமல் உட்கார்ந்திருந்தேன். அத்தனை பிள்ளைகளை எடுத்த கை அன்றைக்கு எழும்பவில்லை.

"அழ வச்சா நம்ம இருக்கிறது தெரிஞ்சிடும்டி" என்று முணுமுணுத்தேன்.

அவள் என் கையில் ஓங்கி அடித்தாள். "அழலைன்னா செத்துடும் மிஸி! முதுகைத் தேய்ங்க! தேய்ங்கன்னா!"

அந்த அடியில்தான் எனக்குப் புத்தி வந்தது. பிள்ளையின் முதுகைத் தேய்த்தேன். தேய்க்கத் தேய்க்க வாயில் வேறு வேண்டுதல் வந்தது. "முன்ன கேட்டதை விட்டுடு தாயே. அது வேணாம். தப்பாக் கேட்டுட்டேன். அழ வை. லயம் அதிர அழ வை. வெட்டினா வெட்டட்டும், இதை அழ வை ஆத்தா."

பிள்ளை விக்கியது. ஒரு தரம். பிறகு அழுதது. அம்மாடி, அது என்ன அழுகை! நானும் எத்தனையோ பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன், அப்படியொரு தொண்டையைப் பார்த்ததில்லை.

வெளியே ஒரு கணம் எல்லாம் நின்றது. பிறகு ஒருவன் சிங்களத்தில் கத்தினான். "அத்துலே லமயெக்!" உள்ளே பிள்ளை ஒன்று இருக்கிறதாம். இன்னொருவன் நெருப்பை வை என்றான். வைக்காதே என்று ஒருவன். பூட்டின் மேல் அலவாங்கு விழுந்தது.

அப்போதுதான் சுப்பையா தேயிலைக்குள்ளிருந்து ஓடி வந்தான். கவ்வாத்துக் கத்தியோடு வந்தான். "என் பொஞ்சாதி! என் பொஞ்சாதி உள்ள இருக்கா!" என்று தமிழில்தான் கத்தினான். ஒரு நாளும் சத்தம் போட்டுப் பேசாதவன். கத்தியை ஒரு வீச்சு வீசினான். யாரோ ஒருவனுடைய தோளில் பட்டது. அவ்வளவுதான். எல்லாரும் அவன் மேல் பாய்ந்தார்கள். இஸ்தோப்புத் திண்ணையில், எங்கள் கதவுக்கு வெளியே, ஒரு பலகைக்கு அந்தப் பக்கம் அவனை வெட்டினார்கள். வெட்டு ஒவ்வொன்றும் பலகையில் அதிர்ந்தது. தெய்வானை வாயிலிருந்த துணியைத் துப்பிவிட்டு அவன் பேரைச் சொல்லிக் கத்தினாள்.

பூட்டு உடைந்தது. கதவைத் திறந்தவன் யார் எவர் என்று பார்க்காமல் அலவாங்கை இறக்கினான். என் இடது தோளில் விழுந்தது. எலும்பு முறிகிற சத்தம் எனக்கே கேட்டது. நான் கீழே விழுந்தேன். அவன் மறுபடி ஓங்கினான். ஓங்கின கை அப்படியே நின்றது.

அவன் பார்த்தான். தரையெல்லாம் ரத்தம். அவன் நினைத்த ரத்தம் இல்லை அது. நஞ்சுக்கொடி இன்னும் வெளியே வராத தாய். கொடி அறுக்காத பிள்ளை. கல்யாணியின் இரண்டு கையும் முழங்கை வரை சிவப்பு. அவன் முகம் மாறியதை நான் பார்த்தேன். நெருப்பை மிதித்தவன் மாதிரிக் காலைப் பின்னால் எடுத்தான். தன் பாதத்தைக் குனிந்து பார்த்தான். பாதத்தில் ரத்தம்.

"கில்ல!" என்று கத்தினான். "கில்ல! எளியட்ட வரெங்!"

கில்ல என்றால் தீட்டு. தீட்டு, வெளியே வா என்று தன் ஆட்களிடம் சொல்கிறான். இந்தப் பக்கம் இருக்கிற நமக்கு இது தெரியும், வெளியூர்க்காரருக்குச் சொல்லத்தான் வேண்டும். மாணிக்கக் குழியில் இறங்குகிறவனுக்குத் தீட்டு என்றால் அத்தனை பயம். பெண்சாதிக்குப் பிரசவம் என்றால் அவன் வீட்டுப் பக்கமே போக மாட்டான், குழிக் குடிசையிலேயே கிடப்பான். தீட்டோடு இறங்கினால் கல் ஓடி ஒளிந்துகொள்ளும், மண் சரிந்து ஆளை மூடும் என்பது அவர்கள் நம்பிக்கை. கழுத்தில் மந்திரித்துக் கட்டின தாயத்தும் சக்தி இழந்து போகுமாம். இதையெல்லாம் தெரிந்தவள்தான் நான். தெரிந்திருந்தும், ரத்தத் துணியை வாசலில் தொங்கவிட வேண்டியவள், எடுத்துக் கட்டிலுக்கு அடியில் ஒளித்தேன்! புத்தி கெட்டவள் என்று என்னை நானே எத்தனை முறை திட்டியிருப்பேன்.

தோள் தொங்கிப் போயிருந்தது. வலது கையைத் தரையில் ஊன்றி எழுந்தேன். ஊன்றின கை முழுக்க ரத்தம். அந்தக் கையை நீட்டிக்கொண்டு வாசலுக்குப் போனேன். சிங்களத்தில்தான் பேசினேன். தமிழை விட நன்றாகவே பேசுவேன், வசவு உட்பட. "வாங்க உள்ளே. ஏன் நிக்கிறீங்க? இப்பத்தான் புள்ள பொறந்திருக்கு. தொட்டுப் பாருங்க. வந்து தொட்டுட்டு நேரா குழிக்குப் போய் இறங்குங்க, பார்ப்போம்!" என்று கையை ஒவ்வொருவன் முகத்துக்கும் நேராக நீட்டினேன். நான் ஒரு அடி எடுத்து வைத்தால் அவர்கள் இரண்டு அடி பின்னால் போனார்கள். தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன? டின் வைத்திருந்தவன் டின்னைப் போட்டுவிட்டு ஓடினான். அலவாங்குக்காரன் தண்ணீர்ப் பைப்படிக்கு ஓடிக் காலைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினான். கொலை செய்த கையைக் கழுவவில்லை. காலைக் கழுவினான்.

கல்யாணி உள்ளே தாய் பக்கத்தில் குனிந்தபடியே இருந்தாள். அவள் யார், எந்த ஊர், சிங்களம் வருமா என்று கேட்க ஒருவனும் அந்தப் படியைத் தாண்டவில்லை. பத்தாம் லயத்தில் ஒரு காம்பராவும் எரியவில்லை. அவர்கள் இரங்கினார்களா, கல் போய்விடும் என்று பயந்தார்களா, எனக்குத் தெரியாது. என்னைக் கேட்டால் பயந்தார்கள் என்றுதான் சொல்வேன். அம்மனுக்கு இரக்கத்தைக் கொண்டும் வேலை வாங்கத் தெரியும், பயத்தைக் கொண்டும் வாங்கத் தெரியும்.

சுப்பையாவுக்கு உயிர் இருந்தது. கல்யாணி கொடியை அறுத்து, தாயைப் பார்த்துவிட்டு வெளியே ஓடினாள். துணியைக் கிழித்துக் கட்டிக் கட்டிப் பார்த்தாள். ஒரு இடத்தில் கட்டினால் இன்னொரு இடத்தில் பொங்கியது. நான் பிள்ளையைக் கொண்டுபோய் அவன் முகத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். அது இன்னும் அழுதுகொண்டுதான் இருந்தது.

"சத்தம்..." என்றான். பிறகு, "நல்லாருக்கு" என்றான். அவன் கடைசியாகப் பேசியது அதுதான்.

சாயங்காலம் கீழே ரொட்டிக்கடை வைத்திருக்கும் சிங்கள முதலாளி தன் வேனில் வந்தார். வாசலில் நின்று எதையும் கேட்கவில்லை. தெய்வானையையும் பிள்ளையையும் எங்களையும் ஏற்றி, மேலே ரொட்டிப் பெட்டிகளை அடுக்கி, டவுன் பள்ளிக்கூடத்து முகாமில் இறக்கினார். வழியில் இரண்டு இடத்தில் மறித்தார்கள். தன் சொந்த ஆட்களை அவர் திட்டின திட்டு இருக்கிறதே, அதை இந்த மலரில் அச்சடிக்க முடியாது. எல்லாரையும் ஒரே கூடையில் போட்டுக் கொட்ட எனக்கு மனசு வராததற்கு அவர் ஒரு காரணம்.

முகாமில் வைத்து என் தோளைக் கட்டும்போது கல்யாணியிடம் சொன்னேன், அம்மன்தான் காப்பாற்றினாள் என்று.

"நான் சளியை எடுத்தேன் மிஸி" என்றாள், எரிச்சலோடு. "கழுத்துல கொடி சுத்தியிருந்தது, அவிழ்த்தேன். அவ்வளவுதான்."

"காட்டுக்குள்ள ஓடுன்னு சொன்னப்ப ஓடாம உன்ன நிப்பாட்டினது யாருடி? டொக்டர் புஸ்தகமா?"

அவள் கட்டை இறுக்கிக் கட்டினாள். அன்றைக்குத்தான் முதல் தடவையாக அழுதாள். என் நல்ல தோளில் சாய்ந்து வெகு நேரம் அழுதாள்.

பெரிய டொக்டர் அவளைத் தேடிக்கொண்டு முகாமுக்கு வந்தார். ஆறு கிழமை முடிய இன்னும் நாள் இருந்தது. ஆனால் நாலு பேரையும் உடனே திருப்பி அனுப்பச் சொல்லிவிட்டார்களாம். அவர் தலை குனிந்து நின்றார். "இதைப் பாக்கவா உங்களை எங்க நாட்டுக்குக் கூப்பிட்டோம்" என்றார். கல்யாணி, "ஒரு பிரசவம் பாத்தேன் சார்" என்றாள்.  போகும்போது அவள் என் காதில், "காலேஜ்ல என்ன படிச்சிட்டு வந்தேன்னு கேப்பாங்க மிஸி. என்ன சொல்றது?" என்றாள்.  அவள் தோட்டை அவள் காதில் மாட்டி, நெற்றியில் கோயில் குங்குமம் வைத்து அனுப்பினேன். பத்திரமாகத் திருப்பித் தந்துவிட்டேன்.

இங்கே முடித்தால் சாட்சி அழகாக இருக்கும். ஆனால் அம்மன் முன்னால் அரை உண்மை சொல்ல எனக்குப் பிடிக்காது.

முகாமில் ஒரு நாள் தெய்வானை கேட்டாள். "புள்ளைக்காகக் கேட்டீங்க, குடுத்தா. எம் புருஷனை ஏன் மிஸி குடுக்கல? இவ அழாம இருந்திருந்தா அவர் ஓடி வந்திருக்க மாட்டாரே?"

அழாமல் இருந்திருந்தால் நாங்கள் நாலு பேரும் உள்ளேயே வெந்திருப்போம். அது அவளுக்கும் தெரியும். தெரிந்துதான் கேட்டாள். நான் என்ன சொல்வேன்? அம்மன் கணக்கு அப்படி என்று சொல்லலாம். அப்படிச் சொல்கிற வாயில் இடி விழ வேண்டும் என்று நானே பலமுறை நினைத்ததுண்டு. எனக்குக் கோபம் வந்தது. தெய்வானை மேல் இல்லை, அம்மன் மேல். தோட்டத்துக்குத் திரும்பிய பிறகும் நான் கோயில் படி மிதிக்கவில்லை. கோயில் கூரை எரிந்து கரி பிடித்துக் கிடந்தது. போகிற வழியில் நின்று, "கொடுக்கிறவ முழுசாக் கொடுத்தா என்ன குறைஞ்சிடுவ?" என்று கேட்டுவிட்டுப் போவேன். மாதக்கணக்கில் எங்கள் இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

தெய்வானைதான் என்னைக் கூட்டிப்போனாள். ஒரு வெள்ளிக்கிழமை, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு என் வாசலில் வந்து நின்றாள்.

"வாங்க மிஸி, கோயிலுக்கு."

"நான் வரல. எனக்கும் அவளுக்கும் சண்டை."

"எனக்கில்லையா சண்டை?" என்றாள். "உங்களுக்குத் தோளு போச்சு. எனக்கு ஆளே போச்சு. வீட்டுல இருந்துகிட்டு சண்டை போட்டா அவளுக்கு எப்படிக் கேக்கும்? வாங்க, போய் நேர்ல கேப்போம்."

போனோம். கரி பிடித்த அம்மன் முன்னால் நின்று, அவள் சுப்பையாவைக் கேட்டுக் கத்தி அழுதாள். நான் அவளைத் தடுக்கவில்லை. நானும் கேட்டேன். கேட்டு முடித்து இரண்டு பேரும் களைத்துப்போய்க் கீழே உட்கார்ந்தபோது, மனசில் ஒரு இடம் லேசானது. பதில் வந்ததென்று பொய் சொல்ல மாட்டேன். நாங்கள் சொன்னது கேட்டதென்று மட்டும் தெரிந்தது. அதற்குப் பிறகு ஒரு வெள்ளிக்கிழமையும் நான் தவறவிடவில்லை. நேர்ந்துகொண்டபடி போன வருஷம் தீயும் மிதித்தேன்.

முன்பெல்லாம் பிரசவத்துக்குப் போனால் அம்மா, எல்லாம் நல்லபடி நடக்கட்டும் என்று பொதுவாகச் சொல்லிவிட்டு வேலையைப் பார்ப்பேன். இப்போது தாய் பேர், தகப்பன் பேர், வீட்டில் இருக்கிற மற்றவர் பேர், வெளியே நிற்கிறவர் பேர், எல்லாம் சொல்லித்தான் கும்பிடுகிறேன். நேரம் ஆகத்தான் செய்கிறது. வலி வந்தவள், "சீக்கிரம் முடிங்க மிஸி, தாங்க முடியல" என்று திட்டுகிறாள். திட்டட்டும்.

என் சொந்தங்களே, எரிந்த வீட்டைத் திரும்பக் கட்டியிருக்கிறோம். கோயில் கூரையும் போட்டாயிற்று. ஆனாலும் ராத்திரி கீழ் ரோட்டில் ஒரு லொறி நின்றால் லயமே விழித்துக்கொள்வது எனக்குத் தெரியும். பயப்படாதீர்கள் என்று சொல்ல நான் யார்? எனக்கும் பயம்தான். ஆனால் பயத்தில் வாயை மூடிக்கொண்டு அம்மனைக் கும்பிடாதீர்கள். அவளிடம் சத்தம் போட்டுக் கேளுங்கள். தப்பாகக் கேட்டால் அவள் திருத்திக்கொள்வாள். கோபமாகக் கேட்டாலும் பொறுத்துக்கொள்வாள். கேட்காமல் மட்டும் இருந்துவிடாதீர்கள்.

தெய்வானையின் மகளுக்கு இப்போது ஒன்றரை வயது. பேர் என்னவோ வைத்தார்கள், எல்லாரும் கூப்பிடுவது சத்தக்காரி என்றுதான். கொழுந்துக் காலத்தில் நாளெல்லாம் மலை ஏறி இறங்கிக் களைத்து வந்து படுத்த சனத்தில், அவள் நடுச்சாமத்தில் எழுந்து கத்தினால் யாருக்கும் தூக்கம் இராது. ஆனாலும் பத்தாம் லயத்தில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒருவரும் அந்தப் பிள்ளையை அழாதே என்று சொன்னதில்லை.